மாலை போட்ட படத்தை மலர் அலங்காரம் என்று பார்க்காதீர்கள்

சமூக வலைத்தள நிறுவனங்களில் பதிவுகளைப் பரிசீலிக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

நான் தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் தமிழாசிரியை. என் முன்னாள் மாணவி ஒருத்தி வேறு சாதிப் பையனை விரும்புவது ஊருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வாரமே அவளை வைத்து ஒரு மீம் பரவியது. அவளுடைய கல்லூரி அடையாள அட்டைப் படம். அதற்கு ரோஜா மாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. ‘தோற்றம்’ என்று போட்டு அவள் பிறந்த தேதி. பக்கத்தில் ‘மறைவு’; அதற்கு நேரே வெறும் கேள்விக்குறி. கீழே நகைச்சுவை நடிகர் ஒருவரின் சிரித்த முகமும், ‘கல்யாணச் சாப்பாடா, காரியச் சாப்பாடா?’ என்ற வரியும்.

நானும் அவளுடைய அக்காவும் புகார் அளித்தோம். இரண்டு நாளில் பதில் வந்தது: விதிமீறல் எதுவும் இல்லை.

உங்கள் குழுவில் அந்தப் படத்தைப் பார்த்தவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று பலமுறை யோசித்தேன். அதிலிருந்த சொற்களை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தேன். தோற்றம், முகத்தோற்றம் ஆகியிருந்தது. மறைவு, ஒளிந்திருப்பது ஆகியிருந்தது. காரியம், அலுவலாகிவிட்டது. பூக்கள், விளக்கு, புன்னகைக்கும் பெண், சாப்பாட்டைப் பற்றி ஒரு கேலி. பிறந்தநாள் வாழ்த்து என்று நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்கும் தெரியும், சுவரில் தாத்தாவின் படத்துக்கு மாலை ஏறிவிட்டால் தாத்தா இல்லை என்று. உயிரோடு இருப்பவரின் கழுத்தில் மாலை போட்டால் மரியாதை. அவருடைய படத்துக்குப் போட்டால் அவரைச் செத்தவராக்குகிறோம். பேருந்து நிலையச் சுவரெங்கும் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் அச்சு அசலான வடிவம் அது. அந்த மீமைப் பார்த்த அன்று இரவு அவளுடைய அம்மா வாசற்கதவை உள்ளே பூட்டிவிட்டுக் கதவோரமே உட்கார்ந்திருந்தார்.

அதற்காக, மாலை போட்ட படத்தையெல்லாம் நீக்கிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஐபிஎல் போட்டியில் தோற்ற அணியின் தலைவருக்கும் இங்கே மாலை போட்டுக் கண்ணீர் அஞ்சலி செலுத்துவார்கள். அவருடைய ரசிகர்களே அதைப் பகிர்ந்து சிரிப்பார்கள். அதே மாலைதான், அதே எழுத்துதான். யாருக்கு, எந்த ஊரில், எந்த வாரத்தில் போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதை எந்தப் பட்டியலிலும் எழுதி வைக்க முடியாது.

2019 மே மாதக் கடைசியில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. ஒரு ஃபேஸ்புக் பக்கம் சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் பெயரைச் சொல்லி, இதனால்தான் ஒப்பந்ததாரர் நேசமணியின் தலை உடைந்தது என்றும் சேர்த்தார். 2001-இல் வந்த ‘ஃபிரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரம் நேசமணி. எங்களுக்கு அடக்க முடியாத சிரிப்பு. வெளியே பலர், யாரோ உண்மையிலேயே அடிபட்டுக் கிடக்கிறார் என்று நம்பி நலம் விசாரித்தார்கள். அந்த அறியாமையால் யாருக்கும் கேடில்லை. என் மாணவியின் படத்திலோ நாங்கள் சாவைப் பார்த்தோம். உங்களுக்குத் தெரிந்தது வேடிக்கை.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2020 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து ஒருவர், எந்தப் பொத்தானை அழுத்துவது என்று வியர்த்து நிற்கும் மனிதனின் மீமைப் பகிர்ந்தார். முகமிருக்க வேண்டிய இடத்தில் துருக்கிக் கொடி. ஆர்மீனிய இனப்படுகொலை (முதல் உலகப் போர்க் காலத்தில் ஒட்டோமான் துருக்கியில் ஆர்மீனியர்கள் கொல்லப்பட்டது) பொய் என்றது ஒரு பொத்தான். ஆர்மீனியர்கள் பயங்கரவாதிகள், அந்தச் சாவு அவர்களுக்கு வேண்டியதுதான் என்றது மற்றொன்று. இரண்டையும் ஒருசேரச் சொல்லும் துருக்கி அரசைச் சாடிய அந்தப் படத்தை, முதலில் கொடூரமானது என்று நீக்கிய ஃபேஸ்புக், மேல்முறையீட்டுக்குப் பிறகு அதை வெறுப்புப் பேச்சு என்றது. இத்தகைய முடிவுகளை மறுபரிசீலனை செய்யும் அதன் மேற்பார்வை வாரியம் 2021 மே மாதம் அந்த முடிவை மாற்றியது. நையாண்டியை எடைபோட வட்டாரம் அறிந்தவர்களின் துணை வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

ஒரு தமிழரை அமர்த்திவிட்டால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். வகுப்பில் நான் சங்கப் பாடலோடு சேர்த்துச் சொல்லித்தரும் பூ. யாழ்ப்பாணத்தில் அதையே கார்த்திகைப் பூ என்பார்கள். அங்கே அது மாவீரர் நாளின் பூ, போரில் இழந்தவர்களின் நினைவு. அந்தப் பூவை வைத்து ஒருவர் கேலி செய்தால், அது எங்கே குத்தும் என்பது எனக்கே முழுதாகப் பிடிபடாது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவரைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். புகார்ப் படிவத்தில், இந்தப் படம் எங்கள் ஊரில் என்ன பொருள் தரும் என்று தமிழிலேயே நாலு வரி எழுத ஓர் இடம் கொடுங்கள். அந்த நாலு வரியை அந்த வட்டாரத்தில் வளர்ந்த ஒருவர் படித்த பிறகு முடிவெடுங்கள்.

மாணவி இப்போது வேறு ஊரில் உறவினர் வீட்டில் இருக்கிறாள், தேர்வு எழுதவில்லை. படம் இன்னும் நீக்கப்படவில்லை. எங்கள் புகாரின் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன். யாரிடம் அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தமிழாசிரியை ஒருவர்