கூப்பிட்டுப் பார்த்தீர்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைக்கு வெளிநாட்டுப் பெயர் வைப்பது பற்றிய கடிதங்களைப் படித்தேன். ‘நம் மொழியில் பெயருக்கா பஞ்சம்?’ என்று கோபப்படுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பெற்றவர்கள் ஆசை, வைத்துவிட்டுப் போகட்டும். ஆனால் கொஞ்சம் விசாரித்துவிட்டு வைக்கலாம்.

என் அண்ணன் மகள் ஒரு மாதம் கைபேசியைத் தேய்த்து, பெண் குழந்தைக்கு ‘சாஷா’ என்று பிடித்தாள். ரஷ்யர்களுக்கு அது தனிப் பெயரே இல்லை. அலெக்சாந்தர், அலெக்சாந்த்ரா இரண்டையும் வீட்டில் சுருக்கிக் கூப்பிடுவது. சரி, அதில் தப்பில்லை. நிகிதா என்று பெண்களுக்கு வைக்கிறோமே, சோவியத் தலைவர் குருஷேவின் பெயரே அதுதான்! ஆந்த்ரேயா இத்தாலியில் ஆண், ஜெர்மனியில் பெண்.

ஐஸ்லாந்தில் இதற்கென்று 1991 முதல் ஒரு குழுவே இருக்கிறது. புதுப் பெயர் அவர்கள் மொழியின் வேற்றுமை உருபை ஏற்குமா என்றுகூடப் பார்ப்பார்கள். அரசாங்கம் அவ்வளவு தூரம் தலையிட வேண்டாம் என்பது என் கருத்து. அந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம்: வாசலில் நின்று பெயரை மூன்று முறை சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் தொலைபேசியில் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். ‘ஃபியோனா’ என்று நீங்கள் சொன்னது ‘பியோனா’ என்று வந்தால் வாழ்நாள் முழுக்கத் திருத்திக்கொண்டிருக்கப் போவது குழந்தைதான்.

எங்கள் வீட்டில் அண்ணி முதல் நாளே ‘சாசாம்மா’ ஆக்கிவிட்டார். பிள்ளை அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி