மெழுகுவர்த்தியும் குச்சிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆசிரியர் தினத்தையொட்டித் தாங்கள் வெளியிட்ட, சிற்றூர்த் தொடக்கப்பள்ளி ஆசிரியை பற்றிய கட்டுரையில் ‘மெழுகுவர்த்தி’ மூன்று முறை வருகிறது. அவர் வகுப்பில் என்ன செய்கிறார் என்பது ஒருமுறைகூட வரவில்லை. அந்தக் குறையை நிரப்பவே இக்கடிதம்.

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. பெரும்பாலும் 1, 2, 3 ஒருவரிடம். 4, 5 தலைமையாசிரியரிடம். 45 நிமிடப் பாடவேளையை மூன்று வகுப்புக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 15 நிமிடம். மீதி 30 நிமிடமும் பிள்ளைகள் தாமாகவே ஏதாவது செய்தாக வேண்டும். அதற்கான வேலையை முதல் நாள் மாலையே எடுத்து வைத்திருப்பதில்தான் ஆசிரியரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. “ரெண்டு பக்கம் பாத்து எழுது” என்று சொல்லிவிட்டால் பத்தாவது நிமிடம் அடிதடி. தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில்.

பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாமே செய்து படிக்கும் ‘செயல்வழிக் கற்றல்’ திட்டக் காலத்தில் சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளுக்கென்று கரும்பலகை தீட்டினார்கள். அந்தத் திட்டம் போய்விட்டது. பலகை இருக்கிற பள்ளிகளில் அதை அழியவிடாதீர்கள். சிலேட்டில் எழுதினால் ஒவ்வொருவரிடமும் குனிந்து பார்க்க வேண்டும். சுவரில் எழுதினால் நின்ற இடத்திலிருந்தே யார் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

தடுக்கும் இடங்களும் தெரிந்தவைதான். ‘கொடி’யை ஒரு பிள்ளை “கெ... கா... டி” என்று வாசிக்கிறது என்றால் அது மக்கு இல்லை. ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என்று கண்ணில் பட்ட வரிசையில் ஒழுங்காகவே வாசிக்கிறது. கொம்பும் காலும் சேர்ந்து ஒரே ஒலி என்பதை யாரும் பிரித்துக் காட்டவில்லை. கெ, கொ இரண்டையும் அருகருகே எழுதி, காலை அழித்தும் சேர்த்தும் மாற்றி மாற்றி வாசிக்க வைத்தால் பிடிபடும்.

அடுத்த சிக்கல் ண, ந, ன. இப்போது ‘மூணு சுழி, ரெண்டு சுழி’ என்றே சொல்லித் தருகிறோம். அது உருவத்தை மட்டும் சொல்லும். பழைய திண்ணைப் பெயர்கள் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். பெயருக்குள்ளேயே விதி இருக்கிறது: ட-வுக்கு முன்னால் ண் (வண்டு), த-வுக்கு முன்னால் ந் (பந்து), ற-வுக்கு முன்னால் ன் (கன்று). இதை வாய்ப்பாடாகச் சொன்ன பிள்ளை ‘பன்து’ என்று எழுதாது. இந்தப் பெயர்களைக் கைவிட்டது நாம் செய்த பெரிய தவறு என்பேன்.

கணக்குக்கு வருகிறேன். 42-இலிருந்து 17 போனால் 35 என்று எழுதும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. 2-இலிருந்து 7 போகாது, ஆகவே 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடுகிறார்கள். இதற்குத் தப்புக்குறி போட்டால் நாளையும் அதே 35 வரும். துடைப்பக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, நான்கு கட்டும் இரண்டு உதிரியும் கொடுத்து “பதினேழு எடு” என்று சொல்ல வேண்டும். ஏழு உதிரி கிடைக்காதபோது பிள்ளையே ஒரு கட்டைப் பிரிக்கும். ஆசிரியர் பிரித்துக் கொடுத்துவிட்டால் பாடம் போச்சு. மிஞ்சுவது இரண்டு கட்டு, ஐந்து உதிரி. இதைச் செய்த பிறகுதான் ‘கடன் வாங்குதல்’ என்ற சொல்லையே எடுக்கலாம். ரப்பர் பேண்ட் இற்றுப்போகும். நூலால் கட்டுவது நல்லது. நூற்றைந்தை 1005 என்று எழுதுகிறவர்களுக்கும் இதே கட்டுகள்தான் மருந்து.

2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் ‘அரும்பு’ என்று பதிந்தால் மட்டும் போதாது. கொம்பில் நிற்கிறதா, ஒற்றில் நிற்கிறதா என்று ஆசிரியரின் கைநோட்டில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக ஒரு நிமிடம் வாசிக்க வைத்தால் அது தெரியும். 30 பிள்ளைக்கு அரை மணி நேரம்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை செய்தியாளரைச் செப்டம்பர் 5 அன்று அனுப்ப வேண்டாம். அன்று பூமாலையும் கேக்கும்தான் இருக்கும். பொங்கல் கழிந்து, செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பும் வாரத்தில் அனுப்புங்கள். வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு, யாரைத் தாத்தா பாட்டியிடம் விட்டுப்போகச் சொல்லலாம் என்று அந்த ஆசிரியை வீடு வீடாகப் போய்க்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியப் பயிற்றுநர்,
திருவண்ணாமலை மாவட்டம்.