வீட்டுப் பொருள்களைப் பள்ளிக்குக் கொண்டுவருவது பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. கோ-கோ அணி வட்டார அளவில் நன்றாக ஆடியது, கையெழுத்துப் போட்டியிலும் பரிசு வந்தது. எல்லோருக்கும் பாராட்டுகள்.

நவராத்திரி விடுமுறை முடிந்ததும் ஏழாம் வகுப்பில் 'எங்கள் வீட்டு அலமாரி' என்று ஒரு கண்காட்சி வைத்தோம். தஞ்சாவூர்த் தலையாட்டி, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, தாத்தா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கடிகாரம் என்று மேசை நிறைந்துவிட்டது. தலையாட்டி ஏன் சாய்ந்தாலும் எழுகிறது என்பதை அதன் அடிக்கனத்தைக் கையில் வாங்கிப் பார்த்தே பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள்.

அப்புறம்தான் சிக்கல். கண்காட்சி முடிந்தும் பொருள்கள் பைக்குள் வருகின்றன, கைமாறுகின்றன. ஒரு மரப்பாச்சி கிரிக்கெட் அட்டைகளுக்குப் போய்விட்டது. அந்த மாணவியின் பாட்டி நேரில் வந்தார். "கொலுவில் முதலில் வைக்கிறது அதைத்தான் சார். என் கல்யாணத்துக்கு அம்மா ஜோடியாகக் கொடுத்தது" என்றார். மூக்கு மழுங்கிய செஞ்சந்தனப் பொம்மை, இடுப்பில் நைந்த பட்டுத்துணி. அது என்ன விலை போகும் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. நம் வீட்டுக் கண்ணாடி அலமாரிகளில் பாதிப் பொருள்கள் கொடுத்தவரின் ஞாபகத்துக்காக இருப்பவை. அந்தக் கதையைக் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை அதை மாற்றியிருக்காது என்றே நினைக்கிறேன்.

சிலர் வகுப்பாசிரியரிடம் கோபமாகப் பேசினீர்கள். வருத்தம் புரிகிறது. ஆனால் பை கட்டப்படுவது உங்கள் வீட்டில். இனி ஆசிரியர் கேட்காமல் வரும் எந்தப் பொருளும் அலுவலகத்தில் வாங்கி வைக்கப்படும். பெற்றோர் நேரில் வந்து கையெழுத்திட்டால்தான் திரும்பக் கிடைக்கும். பிள்ளைகளிடம் பழம்பொருளுக்கு விலை கேட்பவர் யாரையாவது பள்ளி வாசலில் பார்த்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உழும்போது கிடைத்த பழங்காசைப் பிள்ளையிடம் விளையாடக் கொடுக்காதீர்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் புதையல் 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மரப்பாச்சியை மறுநாளே துணியில் சுற்றிக் கொண்டுவந்து, பாட்டியின் கையிலேயே கொடுத்த பெற்றோருக்கு என் மனமார்ந்த நன்றி. கண்காட்சிக்குப் பொருள் தந்த எல்லா வீட்டாருக்கும் நன்றி. ஒரு பித்தளைச் சந்தனக் கிண்ணமும் பாசிமணியில் கோத்த மீன் ஒன்றும் இன்னும் என் மேசையில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்