கசிந்தது நோயாளியின் கோப்பு, அபராதம் அரசின் கணக்குக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மருத்துவமனைகளின் கணினிகளுக்குள் யாரோ புகுந்து நோயாளிகளின் விவரங்களை அள்ளிச் சென்ற செய்திகள் நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. எத்தனை லட்சம் பேரின் தரவு போயிற்று, எந்த அமைப்பு விசாரிக்கிறது என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். அந்த லட்சங்களில் ஒருவரான நோயாளி மறுநாள் காலையில் எங்கே போய் என்ன மனுக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் இருப்பதில்லை. ஓராண்டாக அந்தக் கேள்விக்கு விடை தேடி அலைந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது. மூன்றாவது கீமோ முடிந்து வீடு திரும்பிய நான்காம் நாள் அவருடைய கைப்பேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசிய பெண் பெயரைச் சொல்லி அழைத்து, "மேடம், அடுத்த கீமோ பதினெட்டாம் தேதிதானே? அதுக்குள்ள வெள்ளை அணு குறையாம இருக்க எங்ககிட்ட ஒரு பவுடர் இருக்கு" என்றார். எங்கள் உறவினர்களில் பலருக்கே அப்போது நோயின் பெயர் தெரியாது. அதே வாரத்தில் இன்னும் இரண்டு அழைப்புகள் வந்தன. அவற்றில் ஒன்று விக் விற்பவரிடமிருந்து. டிஸ்சார்ஜ் சம்மரியில் மட்டும் இருந்த தேதி வெளியாருக்கு எப்படிப் போயிற்று என்று மருத்துவமனையில் கேட்டபோது, வரவேற்பில் இருந்தவர் பில்லிங் பிரிவைக் காட்டினார். பில்லிங் பிரிவினர் ஐ.டி. பிரிவைக் காட்டினர், மூன்றாம் மாடியில் இருந்த ஐ.டி. பிரிவு பூட்டிக் கிடந்தது. எழுத்தில் கொடுத்த புகாருக்கு இரண்டு மாதம் கழித்து, "எங்கள் கணினி அமைப்பு பாதுகாப்பானது" என்று ஒற்றை வரியில் மின்னஞ்சல் வந்தது.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது வழக்கறிஞராக இருக்கிறார். அவரிடம் போனபோது சட்டத்தைப் பற்றி எதுவும் சொல்வதற்கு முன், "சார், அம்மாவோட போனை மாத்திடாதீங்க, ரீசெட்டும் பண்ணிடாதீங்க" என்றார். அழைப்புப் பட்டியல், வாட்ஸ்அப் செய்திகள், அவற்றின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவை சாட்சியமாக வேண்டுமானால், சாட்சியங்களுக்கான சட்டமான பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். 1930 என்ற எண்ணிலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் புகார் பதிவு செய்து ஒப்புகை எண்ணைக் குறித்து வைத்தோம். மருத்துவப் பதிவேடுகளின் நகலை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகள் சொல்வதால், முழுக் கோப்பையும் எழுதிக் கேட்டு வாங்கினோம். கோப்பில் என்ன இருந்தது என்று காட்டினால்தான் வெளியே போனது எது என்று காட்ட முடியும்.

இழப்பீடு கேட்பதற்கு இன்றைய நிலையில் தனியார் மருத்துவமனை நோயாளிக்கு இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. உணர்வுக்குரிய தனிப்பட்ட தரவைக் கையாளும் நிறுவனம் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்வதில் அலட்சியம் காட்டி, அதனால் ஒருவருக்கு இழப்பு நேர்ந்தால், அந்த நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்பது இந்தப் பிரிவு. உடல்நிலை, மனநிலை, மருத்துவ வரலாறு ஆகியவை அத்தகைய தரவு என்று 2011ஆம் ஆண்டின் விதிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பவர் 'தீர்ப்பளிக்கும் அதிகாரி'; அவர் வேறு யாருமல்லர், மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே. இது ஏட்டளவில் மட்டும் இருக்கும் அதிகாரம் அன்று. இணைய மோசடியில் பணத்தை இழந்த வாடிக்கையாளருக்கு ஒரு தனியார் வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2010இல் உத்தரவிட்டவர் தமிழ்நாட்டின் தீர்ப்பளிக்கும் அதிகாரிதான். அது வேறு பிரிவுகளின் கீழ் வந்த வழக்கு; ஆனால் கதவு அதே கதவு. சிக்கல், 'இழப்பு' என்ற சொல்லில் இருக்கிறது. கணக்கிலிருந்து பணம் போனால் வங்கி அறிக்கையைக் காட்டலாம். தெரியாத எண் ஒலித்தாலே நடுங்கும் ஒருவரின் தூக்கமின்மையை எந்த அறிக்கையில் காட்டுவது?

அதனால் நாங்கள் இரண்டாவது கதவைத் தட்டினோம். நுகர்வோர் நம்பிக்கையின் பேரில் தந்த தனிப்பட்ட தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்கு வெளியிடுவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2(47) பிரிவில், சொல்கிறது. பலருக்கும் தெரியாத வரி இது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கலாம். மருத்துவமனை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுத் தாக்கல் செய்யலாம். கட்டிய சிகிச்சைத் தொகை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுக் காலக்கெடு மட்டும் தவறக் கூடாது. ஒரே கசிவில் பாதிக்கப்பட்ட பலர், ஆணையத்தின் அனுமதியோடு, ஒன்றாகவும் மனுச் செய்யலாம்.

எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனையின் நோயாளிக்கு இந்த இரண்டு கதவுகளும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 43ஏ வணிக, தொழில்முறை நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. அத்தகைய மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வாரா என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே தீர்ப்பளித்துவிட்டது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடக்கப்பட்டு, பல நாட்கள் எல்லாவற்றையும் கையால் எழுதிச் சமாளித்தார்களே, அங்கே வரிசையில் நின்றவர்களுக்குப் பெரும்பாலும் எஞ்சியிருந்த வழி, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற உச்ச நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டுப் புட்டசாமி தீர்ப்பைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடுவதுதான். ஓ.பி. சீட்டுக்கு விடிகாலையில் வந்து நிற்பவரிடம் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

புதிய சட்டம் வந்துவிட்டதே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அந்த நம்பிக்கையில்தான் இருந்தேன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரையிலும், கசிவைத் தெரிவிக்கத் தவறினால் 200 கோடி வரையிலும் அபராதம் விதிக்க வழி செய்கிறது. பாதிக்கப்பட்டவருக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும், இச்சட்டம் அமைக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விவரம் தர வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. இவை நல்ல விதிகள். மருத்துவமனையே எழுதித் தெரிவிக்கும் கடிதம் கையில் இருந்தால் என் மனைவி போன்றவர்கள் எதையும் நிரூபிக்கத் தடுமாற வேண்டியிராது. ஆனால் வசூலாகும் அபராதம் முழுவதும் அரசின் கணக்கான இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. கோப்பு யாருடையதோ அவருக்கு ஒரு ரூபாய் கிடையாது. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் தந்த வரைவிலும், 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதாவிலும் இழப்பீடு கேட்கும் உரிமை இருந்தது. சட்டமாகி வந்தபோது அது காணாமல் போயிருந்தது.

அது மட்டுமன்று. இதே சட்டத்தின் 44(2) உட்பிரிவு, மேலே நான் சொன்ன 43ஏ பிரிவை அடியோடு நீக்குகிறது. 2025 நவம்பரில் வெளியான அறிவிக்கையின்படி அந்த நீக்கம் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரும். நிறுவனங்களின் புதிய கடமைகள் தொடங்கும் அதே நாளில் நோயாளியின் பழைய உரிமை முடிகிறது. ஒரு கையால் கொடுப்பதாகக் காட்டி மறு கையால் பறிப்பதற்கு இதைவிடத் துல்லியமான நாள் குறிக்க முடியாது.

2024 செப்டம்பரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களும் மருத்துவ அறிக்கைகளும் டெலிகிராம் சாட்பாட்கள் வழியே கிடைத்தது வெளிச்சத்துக்கு வந்தது. நிறுவனம் உடனே டெலிகிராம் மீதும் ஹேக்கர் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை பெற்றது. தாக்குதலுக்கு உள்ளான நிறுவனம் நீதிமன்றம் போனதில் தவறில்லை. ஆனால் யாருடைய ஸ்கேன் அறிக்கையும் ரத்தப் பரிசோதனை முடிவும் வெளியே போயினவோ, அந்தப் பாலிசிதாரர்களுக்கு அவ்வளவு விரைவாகத் திறக்கும் கதவு எது?

தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் 2027 மே மாதத்துக்கு முன் இதை அவையில் எழுப்ப வேண்டும். 43ஏ நீக்கத்தை நிறுத்தி வைக்கலாம், அல்லது வாரியமே பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்கும்படி புதிய சட்டத்தைத் திருத்தலாம். இரண்டும் முடியாதது அன்று.

இன்னொன்றும் உண்டு, சட்டம் படித்தவர்களே கவனிக்காதது. எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், 2017, எச்.ஐ.வி. தொற்று உள்ளவர் தம் வழக்கைப் பெயரை மறைத்துப் புனைபெயரில் நடத்த நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்கிறது. மற்ற நோயாளிகளுக்கு அப்படிச் சட்டத்தில் எழுதிய பாதுகாப்பு இல்லை. எங்கள் மனுவோடு டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயாப்சி அறிக்கையையும் இணைக்க வேண்டியிருந்தது. நகல் எதிர்த்தரப்புக்கும் போகும், ஆணையத்தின் கோப்பிலும் இருக்கும். கையெழுத்திடும் முன் என் மனைவி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதை இன்னும் யார் யாரெல்லாம் படிப்பாங்க?" என்று கேட்டார். வழக்கறிஞரிடம் அதற்குப் பதில் இல்லை. பெயரை மறைக்கக் கோரி ஓர் இடை மனுவும் சேர்த்துப் போட்டிருக்கிறோம். அது இன்னும் விசாரணைக்கு வரவில்லை.

ஆகவே இக்கடிதத்தை வெளியிடுவதானால் என் பெயரையும் முகவரியையும் தவிர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
மதுரை.