வேண்டாம் என்று சொன்னவர்களுக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

மதிப்புக்குரிய கராஜ் பெரிய பாஸ் அவர்களுக்கும், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடை நானாவுக்கும், ஆமர் வீதி லேத் பட்டறை ஐயாவுக்கும், வயரிங் தம்பிக்கும், இந்த ஒன்பது மாதங்களில் கை கொடுத்த ஏனைய அனைவருக்கும்,

வணக்கம். அப்பா விட்டுச் சென்ற 1992ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கப், புதிய எஞ்சினோடு சென்ற மாதம் மஸ்கெலியாவுக்குச் சுமை ஏற்றிச் சென்று, எந்தக் குறையும் இல்லாமல் வீடு திரும்பியது. அந்தப் பயணம் முடிந்த பிறகுதான் நன்றி சொல்வது என்று நான் காத்திருந்தேன். பெயர் எதுவும் போடக்கூடாது என்று பெரிய பாஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், உங்கள் தொழிலையும் தெருவையும் மட்டும் குறிப்பிடுகிறேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இந்த வேலையை நான் ஏன் தொடங்கினேன் என்பது உங்களில் சிலருக்கு இன்னும் புரியாத புதிர்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதற்கு முன்பே ஒரு புதிய வாகனம் வாங்கியிருக்கலாம் என்று என் மனைவி இன்றும் சொல்வதுண்டு. 2025இன் தொடக்கத்தில் தடை தளர்ந்தபோது, விலையைக் கேட்டுவிட்டு நான் மறுபேச்சில்லாமல் வீட்டுக்கு வந்தேன். ஹைலக்ஸின் சட்டமும் அச்சுகளும் நல்ல நிலையில் இருந்தன. எல்என்106 என்ற இந்த வகையின் முழு முன்னச்சும் அதைத் தாங்கும் இலைவில்லும் இன்றைய பிக்கப்களில் அரிதாகவே கிடைக்கும். களைத்துப் போனது 3எல் எனப்படும் பழைய டீசல் எஞ்சின் மட்டுமே: 2779 கன சென்ரிமீற்றர், டர்போ இல்லை, புதிதாக இருந்தபோதே 91 குதிரைவலு. கினிகத்தேனை ஏற்றத்தில் குளிரூட்டியை நிறுத்தி, இரண்டாம் கியரில், பின்னால் வருபவருக்கு முகம் காட்ட வெட்கப்படும் அளவுக்குக் கரும்புகை கக்கிக்கொண்டு ஏறும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கு முன் டீசல் பம்பின் திருகைச் சற்றுக் குறைத்துப் புகைப் பரிசோதனையைக் கடப்பதும், வீட்டுக்கு வந்ததும் பழையபடி திருகுவதும் எங்களுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. அதை இங்கே எழுதுவதில் எனக்குப் பெருமை இல்லை.

பெரிய பாஸ் அவர்களே, முதல் நன்றி உங்களுக்கு. நான் உங்களிடம் வரும்போது மூன்று லிட்டர் 1கேடி எஞ்சின் என்று மனத்தில் முடிவே செய்திருந்தேன். அதை அப்படியே போட்டுத் தருவதாக வேறோர் இடத்தில் முற்பணமும் கொடுத்திருந்தேன். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, எஞ்சினைப் போடலாம், பிறகு எத்தனை கியர்பெட்டி போடுவீர்கள்?" என்று கேட்டீர்கள். 343 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசையை முப்பது வருடப் பழைய கியர்பெட்டியின் தலையில் ஏற்றுவதைவிட, 2494 கன சென்ரிமீற்றர் கொண்ட 2கேடி-எஃப்டிவி டர்போ டீசல் எஞ்சினே போதும் என்பது உங்கள் வாதம். அன்று எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. கொள்ளளவு சிறிய எஞ்சினுக்கு மாறுவது யாராவது செய்யும் காரியமா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் பழைய 3எல் 188 நியூட்டன் மீற்றர் தந்த இடத்தில் இது 260 தருகிறது, அதுவும் நிமிடத்துக்கு 1600 சுற்றிலிருந்தே தருகிறது என்பதை ஏற்றத்தில் கால் வைத்த பிறகுதான் உணர்ந்தேன். டொயோட்டாவின் கேடிஎச் வேன் ஓடாத ஊர் இலங்கையில் இல்லை, இதே குடும்பத்து எஞ்சின் என்பதால் நடுவழியில் நின்றாலும் சாமான் கிடைக்கும் என்று நீங்கள் சொன்னதும் சரியே. எஞ்சினைத் தொடுவதற்கு முன்னரே முன்சக்கர டிஸ்க் பிரேக்கையும் பின்சக்கர டிரம் பிரேக்கையும் புதுப்பிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். அதற்கான பணத்தைக் கொடுக்கும்போது நான் முகம் சுளித்தேன், மன்னிக்கவும்.

பஞ்சிகாவத்தை நானா, ஹைலக்ஸின் பிந்தைய வகையான வீகோவின் ஹாஃப் கட் ஒன்றை, அதாவது எஞ்சினோடு வெட்டியெடுத்த முன்பாதியைக், கடைக்குப் பின்னால் இருந்து வெளியே இழுத்துக் காட்டியபோது, அதைவிடப் பளபளப்பான வேறொன்றைத்தான் நான் கேட்டேன். "அது கழுவினது, இது ஓடினது" என்று சொல்லி, வயர்க்கட்டு வெட்டப்படாமல் முழுமையாக இருப்பதையும், கணினிப் பெட்டியும் சாவியும் ஒரே வண்டிக்குரியவையாக இருப்பதையும் எடுத்துக் காட்டினீர்கள். அந்த வேறிடத்தில் எனக்கு முதலில் விற்க முயன்ற எஞ்சினில் வயர்கள் எல்லாம் கத்தியால் அரியப்பட்டிருந்தன, சாவியும் இல்லை. சாவிக்குள் இருக்கும் சிறு மின்சில்லைக் கணினி அடையாளம் காணாவிட்டால் ஸ்டார்ட்டர் எவ்வளவு சுழன்றாலும் எஞ்சின் பிடிக்காது என்பது அன்று எனக்குத் தெரியாது. கொடுத்த முற்பணத்தில் பாதிதான் திரும்பக் கிடைத்தது. அந்தக் கதையை இத்துடன் விடுகிறேன்.

உங்கள் கராஜில் வேலை பழகும் சின்னவனுக்கு நான் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன், பாஸ். எஞ்சின் தரையில் இருக்கும்போதே டைமிங் பெல்ட், தண்ணீர் பம்ப், இன்ஜெக்டர்களின் செப்பு வாஷர்கள் ஆகியவற்றை மாற்றிவிடலாம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் சம்பையும் கழற்றிப் பார்ப்போம் என்று சொன்னவன் அவன்தான். வேண்டாத வேலை என்று நானே சொன்னேன். அவன் கழற்றினான். கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, எண்ணெய் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரின் வலைக்கண்களில் பாதிக்கு மேல் கரி படிந்து, சட்டியில் அடிப்பிடித்த சோற்றுப் பருக்கைகளைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது. இன்ஜெக்டர் வாஷர் கசிந்தால் எரிந்த வாயு எஞ்சினின் மேல்மூடிக்குள் புகுந்து எண்ணெயைக் கரியாக்கும், அந்தக் கரி கீழே இறங்கி வலையை அடைக்கும், பிறகு பெயரிங்குகளுக்கும் டர்போவுக்கும் எண்ணெய் எட்டாது என்று நீங்கள் விளக்கினீர்கள். அன்று மூடியே வைத்திருந்தால் இந்த மடலுக்குப் பதிலாக வேறெதையோ எழுதிக்கொண்டிருப்பேன்.

அந்தச் சம்ப்தான் அடுத்த தலைவலியும் ஆயிற்று. வீகோவில் முன்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் சட்டத்தோடு பொருத்தப்பட்டு அசையாமல் இருக்கும். எங்கள் வண்டியிலோ முழு அச்சும் குழிக்குக் குழி மேலே எழும்பும். என் மகளின் பள்ளிக்கூடப் பையில் இருந்து எடுத்து வந்த பிளாஸ்டிசின் களியை அச்சின் மேல் உருண்டையாக வைத்து, அச்சு மேலே எழும்பும் எல்லையில் இருக்கும் பம்ப் ஸ்டொப் ரப்பரில் முட்டும்வரை வண்டியை இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தோம். களி தோசை மாதிரித் தட்டையாகிவிட்டிருந்தது. தடிப்பு 6 மில்லிமீற்றர். இடிக்கவில்லைதானே என்று நான் மகிழ்ந்தேன். எஞ்சின் தன் மவுண்ட்களின் மேல் ஆடும், சுமை ஏற்றிக் குழியில் விழும்போது ரப்பரும் நசுங்கும், 25 மில்லிமீற்றராவது வேண்டும் என்று நீங்கள் மறுத்தீர்கள். சம்பை வெட்டி, முன்பக்கத்தில் குறைத்த கொள்ளளவைப் பின்பக்கத்தில் கூட்டி, ஒட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி ஓரிரவு முழுவதும் கசிவு பார்த்தீர்கள். மகளுக்குப் புதுக் களி வாங்கிக் கொடுத்தாயிற்று. பச்சை நிறம் மட்டும் கிடைக்கவில்லை என்று அவளுக்குக் குறை.

லேத் பட்டறை ஐயா, புதிய எஞ்சினையும் பழைய கியர்பெட்டியையும் இணைக்கும் தகட்டை நீங்கள் இரண்டு முறை செய்தீர்கள், ஆனால் ஒரு முறைக்குத்தான் கூலி வாங்கினீர்கள். முதல் தகட்டைப் பூட்டி, ஃபிளைவீலில் நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜைக் காந்தத்தால் நிறுத்தி, கையால் மெதுவாகச் சுற்றினீர்கள். முள் 0.2 மில்லிமீற்றர் அளவுக்கு அங்குமிங்கும் போய் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு மயிரிழை. கியர்பெட்டியின் தண்டு நுனி எஞ்சின் தண்டின் நடுவில் இருக்கும் சிறு பெயரிங்கில் உட்கார வேண்டும், இந்த மயிரிழையே அதை ஆறு மாதத்தில் தின்றுவிடும், பிறகு கிளட்ச் அதிரும் என்று சொல்லித் தகட்டைக் கழற்றி ஒரு மூலையில் சாய்த்து வைத்தீர்கள். அது இன்னும் உங்கள் பட்டறையில் தேநீர்க் குவளை வைக்கும் மேசையாக இருக்கிறது என்று கேள்விப்படுகிறேன்.

வயரிங் தம்பி, பன்னிரண்டு இரவுகள் வேலை முடிந்த பின் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தாய். பழைய கேபிள் ஆக்சிலரேட்டர் மிதிக்குப் பதிலாக உணரி மிதி, கேபிளில் சுற்றும் பழைய வேகமானியில் இருந்து கணினிக்கு வேகச் சமிக்ஞை, பழைய விளக்கு வயர்களோடு புதிய வயர்க்கட்டைக் குழப்பாமல் தனியாகக் கொண்டு செல்லும் வழி என்று நீ கொப்பியில் வரைந்த படத்தை நான் லமினேட் செய்து வண்டியின் டேஷ்போர்ட் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஓரிடத்தில்கூட வயரை முறுக்கி டேப் சுற்றவில்லை. டீசல் தாங்கியைக் கழற்றிக் கழுவும்வரை சாவியைப் போட விடமாட்டேன் என்று நீ தடுத்ததற்கும் நன்றி. பழைய இன்ஜெக்டருக்கு நூறு பாரைச் சற்றுத் தாண்டிய அழுத்தம் போதும், இதில் ஆயிரம் பாருக்கு மேல் போகும், துருத்தூள் ஒன்று போதும் நான்கு இன்ஜெக்டர்களையும் கெடுக்க என்று நீ சொன்னாய். தாங்கியில் இருந்து வந்த துரு ஒரு ஜாம் போத்தலின் கால்வாசிக்கு இருந்தது. தண்ணீர் பிரிக்கும் மேலதிக வடிகட்டியும் இப்போது இருக்கிறது.

நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில், முதல் நாள் என்னைத் திருப்பி அனுப்பிய அம்மணிக்கும் நன்றி. பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கத்தை மாற்ற என்னென்ன பத்திரங்கள் வேண்டும் என்பதைத் துண்டுக் கடதாசியில் தமிழிலேயே எழுதித் தந்தார். எஞ்சின் இறக்குமதியான சுங்கப் பத்திரத்தின் பிரதியை நானா தன் கோப்புகளில் அரை நாள் தேடி எடுத்துக் கொடுத்திருக்காவிட்டால், வண்டி ஓடும், ஆனால் தெருவில் ஓட முடியாது என்ற நிலைதான். முன் வீட்டு அன்ரி, இரவு பதினொரு மணிக்கு ஸ்டார்ட் செய்து பார்த்தபோது ஜன்னலைத் திறந்தது திட்டுவதற்கு என்று நினைத்தோம். பிளாஸ்க் நிறையத் தேநீர் இறக்கினீர்கள்.

மஸ்கெலியா மாமாவின் கடைக்கு எழுநூறு கிலோ ஏற்றிக்கொண்டு, அவிசாவளை, கித்துள்கலை வழியாகக் கினிகத்தேனை ஏற்றத்தை மூன்றாம் கியரில், குளிரூட்டி ஓட, வெப்பமானி முள் பாதியைத் தாண்டாமல் ஏறினேன். கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் புகை இல்லை. முன்பு சுமையோடு லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோமீற்றர் என்றிருந்தது இம்முறை பதினொன்றை நெருங்கியது. ஒரே பயணத்தின் கணக்கு என்பதால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் க்யூஆர் கோட்டைக் காட்டி வரிசையில் நின்று டீசல் அடித்தவனுக்கு இந்த இரண்டு கிலோமீற்றர் மனத்தில் பதியத்தான் செய்கிறது.

குறை ஒன்று உண்டு: மணிக்கு 60 கிலோமீற்றருக்குக் கீழே வேகமானி முள் துள்ளுகிறது. தம்பி, நேரம் கிடைக்கும்போது பார். பெரிய பாஸ், உங்கள் சங்கிலிக் கப்பி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் கிராண்ட்பாஸுக்குக் கொண்டு வருகிறேன். பழைய 3எல் எஞ்சினையும் அன்றே ஏற்றி வருகிறேன். அதைச் சின்னவன் பிரித்துப் பூட்டிப் பழகட்டும்.

மிக்க நன்றியுடன்,
கொட்டாஞ்சேனை டபுள் கப்காரன்