பார்சன்ஸ் திரட்டிய பத்து வாக்குகள்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரமே வந்தது. முழங்கால் வலியில் எதையும் எழுத உட்காரவில்லை. கவின் வெளியுறவுப் பணிக்குத் தேர்வானதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். எந்தத் தூதரைப் பற்றி அவனைப் படிக்கச் சொல்லலாம் என்று கேட்டிருந்தாய். நான் சொல்வது அந்தோணி பார்சன்ஸ்.

1974இல் பிரிட்டிஷ் தூதராக ஈரான் தலைநகர் டெஹ்ரான் போனவர். எண்ணெய்ப் பணம் கொட்டிய காலம். தூதரகத்தின் முதல் கவலையே வியாபாரம்தான். பிரிட்டனின் சீஃப்டன் டாங்கிகளை ஈரான் மன்னர் ஷா நூற்றுக்கணக்கில் வாங்கினார். அவர் முகம் கோணுமே என்று அவருடைய எதிர்ப்பாளர்கள் பக்கம் தூதரகத்தார் அதிகம் போகவில்லை. 1978 நவம்பரில் கூட்டம் புகுந்து தூதரகத்துக்கே தீ வைத்தது. 1979 ஜனவரியில் ஷா நாட்டை விட்டே போய்விட்டார். பின்னாளில் எழுதிய புத்தகத்தில் பார்சன்ஸ் மழுப்பவில்லை: தகவலுக்குப் பஞ்சமில்லை, அதன் பொருளை ஊகிக்கத்தான் தவறினோம் என்கிறார். ஓய்வு பெற்ற பிறகு இப்படிச் சொல்வது சுலபம் என்பாய் நீ. அதைக்கூடச் சொல்லாமல் போனவர்கள் எத்தனை பேர்!

அதே மனிதரைத்தான் ஐ.நா.வுக்கு அனுப்பினார்கள். 1982 ஏப்ரல் 2, பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்துத் தீவுகளை அர்ஜென்டினா பிடித்தது. பார்சன்ஸ் உடனே ஐ.நா. பாதுகாப்பு சபையில் இதற்கு எதிரான தீர்மானத்தை வைத்து, மறுநாளே வாக்கெடுப்பு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். எதிர்த்தரப்பு ஆள் திரட்ட அவகாசமே தரவில்லை. தேவை ஒன்பது வாக்கு. ஜோர்டான் நழுவப் பார்த்தது. பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரையே ஜோர்டான் மன்னர் ஹுசைனிடம் தொலைபேசியில் பேச வைத்தார். முடிவு: ஆதரவு 10, எதிர்ப்பு பனாமா மட்டும். வீட்டோ போட்டு, அதாவது தன் ஒற்றை வாக்கால் தீர்மானத்தையே தடுத்து விடும் என்று இவர்கள் பயந்த சோவியத் யூனியன் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. அதுதான் 502ஆம் தீர்மானம். அர்ஜென்டினா படை வெளியேற வேண்டும் என்று பாதுகாப்பு சபையே சொல்லிவிட்டதால், கப்பற்படையை அனுப்பிய பிரிட்டனுக்கு அது பெரிய பலம்.

ஜூன் 4 கூத்து தெரியுமா? போர்நிறுத்தத் தீர்மானத்துக்கு எதிராக பிரிட்டனோடு அமெரிக்காவும் வீட்டோ போட்டது. சற்று நேரத்தில் அமெரிக்கத் தூதர் கிர்க்பாட்ரிக், வாக்கை மாற்றச் சொல்லி வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது, முடிந்தால் ஒதுங்கியிருப்போம் என்று சபையிலேயே அறிவித்தார். பதிந்த வாக்கை மாற்ற முடியுமா என்ன!

கவின் முதலில் டெஹ்ரான் கதையைப் படிக்கட்டும், நியூயார்க் அப்புறம். பயிற்சிக்கு டெல்லி கிளம்பும் முன் ஒருமுறை இங்கே வந்து போகச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்