65,000 ரூபாய்க்கு மூணு ஆடிட்டர், மூணு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வில்லிவாக்கத்துலேர்ந்து எழுதுறேன் சார். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு கம்பெனில வேலை, இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா விடியக்காலைல நாலரைக்கே கேமராவ தூக்கிட்டு காசிமேடு போயிடுவேன், போட்லேர்ந்து மீன் எறக்குறது, ஐஸ் ஒடைக்கிறது, ஏலத்துல கத்துற அக்காங்கன்னு எடுத்துகிட்டே இருப்பேன், சீசன்ல பள்ளிக்கரணைக்கு போய் பறவைங்க. எல்லாம் ஆசைக்குதான். வீட்டம்மா கிட்ட கேட்டா காச கரைக்கிறதுக்குன்னு சொல்லுவாங்க.

2025-26ல மொத தடவையா இந்த ஆசைலேர்ந்து ரெண்டு எடத்துல காசு வந்துச்சு. ஒரு கம்பெனி காலண்டருக்காக காசிமேடு படம் பன்னெண்டு வாங்குனாங்க, பேசினது 60,000, பேங்க்ல விழுந்தது 54,000. மிச்சம் 6,000 டிடிஎஸ், அதாவது காசு குடுக்குறவங்களே முன்கூட்டி புடிச்சு சர்க்காருக்கு கட்டுற வரி. இந்த மாதிரி பீஸ், ராயல்டிக்கெல்லாம் வருஷத்துக்கு 50,000 தாண்டுனா 10 சதவீதம் புடிச்சிட்டுதான் குடுப்பாங்களாம், முன்னாடி 30,000ன்னு இருந்தத 2025 ஏப்ரல்லேர்ந்து ஏத்தியிருக்காங்க. பான் நம்பர் குடுக்கலன்னா 20 சதவீதம்.

இன்னொன்னு பக்கத்து வீட்டு பொண்ணுக்கு வளைகாப்பு. சும்மாதான் எடுத்தேன், எல்லாம் முடிஞ்சு கெளம்பும்போது வெத்தல பாக்கு தட்டுல ஒத்த ரூபா ஒட்டுன கவர் ஒண்ணு வெச்சு "அண்ணா வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க"ன்னு அந்த பொண்ணோட அம்மா நீட்டுனாங்க. வீட்டுக்கு வந்து பிரிச்சா 5,001. இது மொய் மாதிரிதானே, கிப்ட்டுக்கு 50,000 வரைக்கும் டாக்ஸ் இல்லையேன்னு நெனச்சேன். ஆடிட்டர் சிரிச்சிட்டாரு. நீங்க வேல செஞ்சு குடுத்தீங்க, அவங்க அதுக்கு குடுத்தாங்க, கவர்ல வெச்சா மட்டும் அது கிப்ட் ஆயிடுமா சார்னு கேட்டாரு. வாஸ்தவம்தான்.

ஆக மொத்தம் 65,001. இதுக்கு எவ்ளோ வரின்னு மூணு பேர கேட்டேன், மூணு பேரும் மூணு கணக்கு சொன்னாங்க, அதான் இந்த லெட்டர்.

என் சம்பளம் வருஷத்துக்கு பன்னெண்டரை லட்சம். புது வரி முறைல, சம்பளக்காரங்களுக்கு பில் இல்லாமலே கழிக்கிற ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 75,000 போனா 11,75,000, பன்னெண்டு லட்சம் வரைக்கும் ரிபேட், அதாவது வரி தள்ளுபடி இருக்கறதால வரி சைபர். (நிதியமைச்சர் பட்ஜெட்ல இத சொன்ன அன்னிக்கு எங்க ஆபீஸ்ல ஸ்வீட்டே குடுத்தோம்.) இப்ப மொத ஆடிட்டர் 65,001ஐ அப்படியே இதர வருமானம்னு சேத்தாரு. மொத்தம் 12,40,000. பன்னெண்டு லட்சத்த தாண்டுனதும் ரிபேட் காலி, ஸ்லாப் படி 66,000 வரி வருது, ஆனா மார்ஜினல் ரிலீப்னு ஒண்ணு இருக்கு, தாண்டுன தொகைக்கு மேல வரி போவாது. அதாவது 40,000, அதுக்கு மேல போடுற செஸ் 1,600, ஆக 41,600. எனக்கு கொஞ்ச நேரம் பேச்சே வரல. 65,000 சம்பாதிச்சு 41,600 கட்டணுமா? ரிலீப்னு வேற பேரு!

செலவு கழிக்கலாமேன்னு கேட்டேன். கழிக்கலாம், அந்த வருமானத்துக்காகவே செஞ்ச செலவுன்னு பில்லோட காட்டணும், அப்புறம் இத தொழில்னு காட்டுனாதான் தேய்மானமும், அதாவது சாமான் பழசாவறதுக்கு கழிக்கிற தொகையும் கெடைக்கும்னாரு. நான் ரிச்சி தெருவுல 42,000க்கு வாங்குன லென்ஸ் பில்ல பெருமையா நீட்டுனேன். முழு தொகையும் கழியும்னு ரொம்ப பேரு நெனச்சிட்டு இருக்கோம், அப்படி இல்லையாம், வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம், அதாவது 6,300, அதுவும் சொந்த ஆசைக்கும் அதே லென்ஸ்தானேன்னு பாதிய வெட்டிட்டாரு. 3,150. வாங்கி 180 நாள் கூட ஆவலன்னா அதுலயும் பாதிதானாம்.

ரெண்டாவது ஆடிட்டர் கிட்ட போனேன். போட்டோகிராபி ஒரு புரொபஷன், லிஸ்ட்ல இருக்கிற புரொபஷன்காரங்களுக்கு 44ஏடிஏன்னு ஒரு செக்ஷன் இருக்கு, அதுல செலவு கணக்கு இல்லாம வரவுல பாதிய வருமானமா காட்டலாம்னாரு. பாதின்னா 32,500, மொத்தம் 12,07,500, வரி செஸ்ஸோட 7,800. மூணாவது ஒரு அம்மா, மாம்பலத்துல ப்ராக்டிஸ் பண்றாங்க, அதெல்லாம் செல்லாதுன்னுட்டாங்க. அந்த லிஸ்ட்ல டாக்டர், வக்கீல், இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், இன்டீரியர் டெக்கரேஷன்னு வரிசையா இருக்கு, சினிமா கேமராமேன் கூட வராரு, ஆனா தனியா போட்டோகிராபர்னு பேரே இல்லையாம். வளைகாப்பு எடுக்குறவன அந்த லிஸ்ட்ல எவனும் நெனச்சே பாக்கல போல. அதனால இது பிசினஸ், சின்ன பிசினஸ்காரங்களுக்கான 44ஏடின்ற செக்ஷன்ல போட்டு பேங்க் வழியா வந்ததுக்கு கொறஞ்சது 6 சதவீதம், கேஷுக்கு 8 சதவீதம் லாபம்னு காட்டலாம்னாங்க. 3,600ம் 400ம் 4,000. மொத்தம் 11,79,000. வரி சைபர், புடிச்ச 6,000 கூட திரும்ப வரும்.

41,600, 7,800, சைபர். ஒரே மனுஷன், ஒரே காசு.

சைபரத்தானே எடுத்துப்பேன்னு கேப்பீங்க. அதுலயும் சிக்கல் இருக்கு சார். கொறஞ்சதுதான் 6 சதவீதம், நெஜமாவே அதுக்கு மேல லாபம் வந்திருந்தா அத காட்டணும்னு அந்த அம்மாவே சொன்னாங்க, என் நெஜ செலவு பாத்தா பெட்ரோல், ஆல்பம் பிரிண்ட் எல்லாம் சேத்து பதினெட்டாயிரத்த தாண்டல. இந்த 44ஏடிய எடுத்துட்டு அஞ்சு வருஷத்துக்குள்ள வெளிய வந்தா அடுத்த அஞ்சு வருஷம் இந்த பக்கமே வர முடியாது. சம்பளக்காரங்க போடுற எளிய ரிட்டர்ன் பாரமான ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-4ஓ ஐடிஆர்-3ஓ போடணும். இதுல ரொம்ப பேருக்கு தெரியாத ஒண்ணு, வெறும் சம்பளக்காரங்க வருஷா வருஷம் பழைய முறை புது முறைன்னு மாறிக்கலாம், பிசினஸ் வருமானம்னு ஒண்ணு காட்டிட்டா அப்புறம் பழைய முறைக்கு தனி பாரம் போடணும், ஒரு தடவ புது முறைக்கு திரும்பி வந்துட்டா பிசினஸ் இருக்கிற வரைக்கும் மறுபடி பழைய முறைக்கு போக முடியாது. எங்க செக்‌ஷன்ல ஒருத்தர் ஹவுசிங் லோனுக்காக பழைய முறைலயே இருக்காரு, கல்யாணத்துக்கு செகண்ட் கேமரா எடுக்க போவாரு, நாலாயிரம் அஞ்சாயிரம்தான் வரும், அவருக்கு இத சொன்னதும் மூஞ்சியே மாறிடுச்சு.

ஜிஎஸ்டி பத்தி வாட்ஸ்அப்ல வர பயம் வேற. 2025 ஜூலைல கர்நாடகால சின்ன கடைக்காரங்களுக்கு யூபிஐ வரவ வெச்சு நோட்டீஸ் போனதுலேர்ந்து எங்க போட்டோ நண்பர்கள் பாதி பேரு ஜிபே வேணாம், கையில குடுங்கன்றாங்க. சேவைக்கு தமிழ்நாட்டுல வருஷம் 20 லட்சம் தாண்டுனாதான் ரெஜிஸ்ட்ரேஷனே, நம்ம வரவு எங்க, அது எங்க. மறைக்கவும் முடியாது, என் காலண்டர் காசு நான் சொல்றதுக்கு முன்னாடியே வரி துறை நம்ம வரவ சேத்து காட்டுற ஏஐஎஸ் பட்டியல்ல வந்து உக்காந்திருந்துச்சு. கவர்மென்ட் வேலைல இருக்கிறவங்களுக்கு வேற கத, நடத்தை விதி இருக்கு, அத பாத்துட்டுதான் இதுல எறங்கணும்.

கட்ட மாட்டேன்னு சொல்லல சார். என்ன கட்டணும்னு ஒருத்தர் தெளிவா சொல்லட்டும். அந்த லிஸ்ட்ல போட்டோகிராபர் உண்டா இல்லையான்னு ஒரே ஒரு வரி எழுதறதுக்கு என்ன கஷ்டம்? ஆசைக்கு பண்றதுல வர சின்ன காசுக்கு, ஒரு லட்சம் வரைக்கும்னு வையுங்க, ஐடிஆர்-1லயே ஒரு கட்டம் போட்டு பாதி செலவுன்னு விட்டுட்டா சர்க்காருக்கும் வரி வரும், நாங்களும் மூணு ஆடிட்டர் பீஸ் அழ வேணாம். 2026 ஏப்ரல் 1லேர்ந்து புது வருமான வரி சட்டமே வந்துடுச்சு, செக்‌ஷன் நம்பரெல்லாம் மாறிடுச்சு, ஆனா எங்க கேள்வி மட்டும் அப்படியே இருக்கு. நுங்கம்பாக்கம் வருமான வரி ஆபீஸ்லேர்ந்து யாராச்சும் இத படிச்சா உங்க பேப்பர்லயே தமிழ்ல பதில் போட சொல்லுங்க, நான் இன்னும் ரிட்டர்ன் போடல.

அடுத்த மாசம் எதிர் வீட்டு கொழந்தைக்கு காதுகுத்து, படம் எடுக்க கூப்ட்டிருக்காங்க. கவரோட வந்தா என்ன சொல்றதுன்னு இப்பவே யோசிச்சிட்டு இருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு ஞாயித்துக்கிழமை போட்டோகிராபர்,
வில்லிவாக்கம், சென்னை